ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் பெலன் எங்கிருந்து வரும்?

பொருநை மகள்:

இங்கு எழுதும் அனைவருக்கும் ஸ்தோத்திரம். நெடுநாளாக இந்தப் பகுதியை வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

என் தாயார் பக்கவாதத்தால் வலப்பக்கத்தையும் பேச்சையும் இழந்து படுக்கையில் இருக்கிறார்கள். அண்ணன் வளைகுடாவில் வேலை பார்ப்பதால் பராமரிப்பு முழுவதும் என் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வந்துவிடும். புரையேறாமல் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும். மாதக் கணக்கில் நான் ஆலயத்துக்குப் போகவில்லை. புத்தாண்டு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டியிருக்கிறது. “கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து” என்ற ஏசாயா 40:31தான் அதில் அச்சிட்டிருக்கும் வசனம். ஒவ்வொரு வேளையும் மாத்திரை எடுக்கும்போது அதைப் பார்க்கிறேன். புதுப்பெலன் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

இரவில் முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தையும் வருவதில்லை. சில நாட்களில் அப்படியே தூங்கிவிடுகிறேன். நலம் விசாரிக்க வந்த ஒருவர், வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கும், அல்லது விசுவாசம் குறைந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஜெபிக்க முயல்வதே எனக்குப் பயமாக இருக்கிறது. இது விசுவாசக் குறைவுதானா? கிறிஸ்துவுக்குள் பெலன் என்று நாம் சொல்வது உண்மையில் எதை? அனுபவப்பட்டவர்கள் விளக்கினால் நன்றியுள்ளவளாயிருப்பேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பு மகளே, உன் வீட்டுக்கு வந்தவர் சொன்னதை முதலில் ஒதுக்கி வைப்போம். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் செய்தார்களா என்று கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஆண்டவர் மறுத்ததை யோவான் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவரே மறுத்த கேள்வியை நோயாளியின் கட்டிலருகே திரும்பவும் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். துதிப் பாட்டுகளைத் தெரிந்தெடுத்துப் பாடிப் பழகிய நம் சபைகளுக்கு இது மறந்துபோய்விட்டது. அந்தப் புலம்பல்களுள் பெரும்பாலானவை முடிவில் திரும்பிவிடும். 13ஆம் சங்கீதம் “எதுவரைக்கும்” என்று முறையிட்டுத் தொடங்கினாலும், ஆறு வசனங்களுக்குள் களிகூருதலில் வந்து நிற்கிறது. ஆனால் 88ஆம் சங்கீதம் திரும்புவதேயில்லை. பதினெட்டு வசனங்களும் இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகின்றன. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் தூரமாகிவிட்டார்கள் என்ற முறையீட்டோடு பாட்டு நின்றுவிடுகிறது. அதன் பின் ஆறுதல் வசனம் ஒன்றுகூட இல்லை. பாடியவன் விசுவாசம் இல்லாதவனாயிருந்தால் அவன் பாட்டு வேதத்தில் சேர்ந்திருக்காது. இரவும் பகலும் அவன் யாரை நோக்கிக் கூப்பிடுகிறான் என்பதைப் பார். கைவிட்டுவிட்டார் என்று எவர்மேல் குறை சொல்கிறானோ, அவரிடமே போய் அதைச் சொல்கிறான்.

யோபுவின் சரித்திரத்திலும் இதுதான் நடக்கிறது. அவனுடைய மூன்று நண்பர்களும் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்பது என் எண்ணம். வாய் திறந்த பிறகு, பல அதிகாரங்களில், உன் பாவத்தினால்தான் இது வந்தது என்று பலவிதமாகச் சாதித்தார்கள். முடிவில், என் தாசனாகிய யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று தேவன் கடிந்துகொண்டது அவர்களைத்தான். தான் பிறந்த நாளைச் சபித்துப் புலம்பிய யோபுவை அல்ல. உன் வீட்டுக்கு வந்தவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று இதிலிருந்து பார்த்துக்கொள்.

ஆகவே வார்த்தை வராத நாளில் சொந்த வார்த்தையைத் தேடாதே. இன்றிரவு 88ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசித்து, ஆமென் சொல்லிவிட்டுத் தூங்கப் போ. அதுவே ஜெபம்.

எழுப்புதல் வாசகர்:

ஐயா அவர்களின் வேத அறிவை மதிக்கிறேன். குற்றஞ்சாட்டிப் பேசியவர் தவறு செய்தார் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் மற்ற ஆலோசனையை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை.

சோர்ந்திருக்கும் ஒரு சகோதரிக்கு வேதத்திலேயே மிக இருண்ட அதிகாரத்தை எடுத்துக் கொடுப்பது எப்படி ஆறுதலாகும்? எங்கள் சபையில் வாக்குத்தத்தங்களை அறிக்கை செய்து ஜெபிக்கப் பழக்கியிருக்கிறார்கள். “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்று பிலிப்பியர் 4:13ஐ உரக்கச் சொல்லும்போது உள்ளத்தில் ஒரு எழுச்சி உண்டாவதை நானே அனுபவித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சகோதரர் பலர் கூடி ஊக்கமாய் ஜெபித்ததன் பின் நோயாளிகள் எழுந்து நடந்ததையும் பார்த்திருக்கிறேன். யாக்கோபு 5ஆம் அதிகாரம் வியாதிப்பட்டவனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறதே தவிர, புலம்பிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. புலம்பல் ஒரு பழக்கமாகிவிட்டால் எதிர்பார்ப்பு செத்துப்போகும். அம்மாவுக்குச் சுகம் கேட்கும் துணிவையே சகோதரி இழந்துவிடக்கூடும் என்பதுதான் என் கவலை.

கோட்டாற்றுக்காரி:

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். செவிலியராகப் பல ஆண்டு பணியாற்றியவள். அதனால் இரண்டு கோணத்திலிருந்தும் சொல்கிறேன்.

தங்கையே, முதலில் உங்கள் உடம்பைப் பற்றிப் பேசுவோம். 1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். அதற்கு முந்தைய அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர் அவர். அவரிடம் வந்த தூதன் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்றார். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் தூதன் உணவைத்தான் கொடுத்தார். போகவேண்டிய தூரம் அதிகம் என்ற ஒரே காரணத்தை மட்டும் சொன்னார். ஓரேப் மலையில் மெல்லிய குரலைக் கேட்டதெல்லாம் அதற்கு நாற்பது நாளுக்குப் பிறகு. தூக்கமும் உணவும் ஆன்மிகத்துக்குக் கீழானவை என்று நினைக்கும் நம் மக்களுக்கு இந்த அதிகாரத்தை அடிக்கடி வாசித்துக் காட்ட வேண்டும்.

இரண்டு மணிக்கொரு முறை எழுந்து மாதக் கணக்கில் தொடர்ந்து உறங்காத ஒருவருக்கு முழங்காலில் நிற்கும்போது தூக்கம் வருவதில் விசுவாசக் குறைவு ஏதுமில்லை. காற்றுப் படுக்கை ஒன்று வாங்கினால் அழுத்தம் குறையும். ஆனால் புரட்டுவதை அடியோடு விட்டுவிடக் கூடாது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிந்தால் இயன்முறை சிகிச்சையாளரும் செவிலியரும் வீட்டுக்கே வருவார்கள். எதிலும் மனம் ஒட்டாமல், வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைவு வருமானால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதுவும் தூதன் கொண்டுவந்த அடைதான்.

உங்கள் தாயாரைப் பற்றி இன்னொன்று. பக்கவாதத்தால் பேச்சை இழந்தவர்களுள் சிலர், சொந்தமாக ஒரு சொல்லும் சொல்ல முடியாத நிலையிலும், சிறு வயதிலிருந்தே மனப்பாடமான செபத்தையும் பாட்டையும் கூடச் சேர்ந்து சொல்வதுண்டு. பேச்சுப் பயிற்சியாளர்கள் இதை நன்கு அறிவார்கள். எல்லாருக்கும் இது வாய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் தாயாரின் அருகில் உட்கார்ந்து, தனியாக அல்லாமல் அவர்களோடு சேர்ந்து, கர்த்தர் கற்பித்த செபத்தை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

எழுப்புதல் தம்பிக்கு. நீங்கள் காட்டிய வசனத்தை அதன் இடத்தில் வைத்துப் பார்ப்போம். பவுல் அதை எழுதியது கட்டுண்டிருந்த நிலையில். தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்று முந்தைய வசனத்தில் சொல்லிவிட்டுத்தான் எல்லாவற்றுக்கும் பெலனுண்டு என்கிறார். ஆக, அங்கே பெலன் என்பது பட்டினியிலிருந்து தப்பும் வழியாக வரவில்லை. பட்டினியின் நடுவில் நிலைகுலையாதிருக்கும் ஆற்றலாக வருகிறது. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: என் உபத்திரவத்தில் நீங்கள் என்னோடு பங்குகொண்டது நல்லது என்று பிலிப்பி சபைக்கு நன்றி சொல்கிறார். எப்பாப்பிரோதீத்து என்பவர் வழியாக அவர்கள் அனுப்பிய உதவி கைக்கு வந்து சேர்ந்திருந்தது. கிறிஸ்து தரும் பெலனும் சபை அனுப்பிய உதவியும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

அந்த எப்பாப்பிரோதீத்துவே மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டவர். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. துரோப்பீமுவை வியாதியுள்ளவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். பவுலின் கைகளால் சுகம் பெற்றவர்கள் ஏராளம், ஆனால் தம் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மும்முறை வேண்டியபோது, “என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்” என்ற பதில்தான் அவருக்குக் கிடைத்தது. சுகத்துக்காகக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று முறை கேட்டவரை வேதம் கண்டிக்கவில்லை. கிடைக்காதபோது கேட்டவர் மேல் குற்றம் சுமத்துவதைத்தான் மறுக்கிறேன்.

வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுச் சுவர்களில் அதிகம் தொங்கும் வசனங்களுள் ஒன்று எரேமியா 29:11; சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றியது. அதற்கு முந்தைய வசனத்தை எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று அது சொல்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களுள் முதியோர் பலர் எருசலேமைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்பதுதான். அட்டையில் இடம் போதாது என்பது உண்மைதான். பிரசங்க பீடத்தில் இடம் இருக்கிறதே.

களக்காட்டு வாசகன்:

எங்கள் பகுதியில் டோனாவூர் என்ற ஊரை அறியாதவர் இல்லை. அங்கே குழந்தைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்வில் பலரும் பேசாத பகுதி ஒன்று உண்டு.

அயர்லாந்தில் 1867இல் பிறந்து 1895இல் இந்தியா வந்த அவர், ஒரு முறைகூடத் தாயகம் திரும்பவில்லை. இந்துக் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமிகளுக்கு 1901 முதல் அடைக்கலம் கொடுத்தார். அவர் நடந்த தூரமும் செய்த வேலையும் கொஞ்சமல்ல. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். முறிவு ஆறினாலும் வேதனை ஆறவில்லை. 1951 ஜனவரியில் மறையும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டு, பெரும்பாலும் ஒரே அறைக்குள் படுத்திருந்தார். அவருக்காக ஜெபித்தவர்களுக்குக் குறைவில்லை. ஒரு பெரிய குடும்பமே சுற்றி இருந்தது. சுகம் வரவில்லை.

நோயாளிகளுக்கு ஆறுதலாக எழுதப்பட்ட நூல்களை அந்த அறையில் வாசித்தபோது, அவை நலமாயிருப்பவர்கள் எழுதியவை என்பதால் தம்மை எட்டவில்லை என்று அவர் உணர்ந்தார். எனவே நோயுற்றவர் நோயுற்றவருக்கு எழுதும் கடிதங்களாகத் தாமே எழுதத் தொடங்கினார். பலமாக நடந்து திரிந்த நாட்களில் அவருக்கு வாய்க்காத வாசகர்கள் அந்தப் படுக்கையிலிருந்து வாய்த்தார்கள். எங்கள் பாட்டி சிறு பிள்ளையாக அந்த வளாகத்துக்குப் போய்வந்தவர்கள். அம்மையாரின் அறைக்கு வெளியே சத்தம் போடாமல் நடக்கச் சொல்வார்களாம், ஆனால் பறவைகளுக்கு மட்டும் தடையில்லையாம். அம்மையார் தமக்குக் கல்லறைக் கல் வேண்டாமென்று சொல்லிவிட்டதால், அந்த இடத்தில் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எழுப்புதல் அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். அந்த இருபது ஆண்டை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

கேள்விக்குறி:

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இப்போது எந்த ஆலயத்துக்கும் போகாதவன். சகோதரியின் துயரத்தை மதிக்கிறேன். அதனால் மென்மையாகவே கேட்கிறேன். நன்றாகத் தூங்குங்கள், செவிலியரை அழையுங்கள், மனதில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள், நாலு பேர் துணையாக இருங்கள் என்று நீங்கள் சொல்பவை எல்லாம் நல்ல ஆலோசனைகள். அவற்றைச் சொல்ல விசுவாசம் எதற்கு? ஒழுங்கும் உறவும் சேர்ந்து தரும் மனத்தெம்பைத்தான் நீங்கள் கிருபை என்று அழைக்கிறீர்களா?

கோட்டாற்றுக்காரி:

நியாயமான கேள்வி. பாதி உண்மை என்றும் ஒப்புக்கொள்கிறேன். கடவுள் தரும் துணை மனிதர் வழியாகவும் உடம்பின் வழியாகவும் வருவதில் எங்களுக்குக் கூச்சமில்லை. வார்த்தை மாம்சமானார், அதாவது கடவுளே மனித உடலெடுத்தார் என்று அறிக்கையிடுகிறவர்கள் நாங்கள்.

மனத்தெம்பு மட்டும்தான் விசுவாசம் என்றால், அந்தத் தெம்பு போன இடத்தில் விசுவாசமும் போயிருக்க வேண்டும். அப்படிப் போகவில்லை என்பதற்குச் சாட்சிகள் உண்டு. லிசியே நகரத்துக் குழந்தை தெரேசாள் காசநோயால் 1897இல் இறக்கும்போது வயது 24. கடைசி ஒன்றரை ஆண்டு, விண்ணகம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டிலேயே அவர் வாழ்ந்தார். அன்னை தெரேசா இறந்து பத்தாண்டு கழித்து, 2007இல், வெளியான கடிதங்களைப் படித்து உலகமே திகைத்தது. கடவுளின் பிரசன்னத்தை உணராமலேயே அரை நூற்றாண்டுக்கு அருகில் அவர் கழித்திருக்கிறார். அத்தனை காலமும் விடியற்காலைத் திருப்பலியையும் தெருவோர நோயாளிகளையும் அவர் விட்டுவிடவில்லை. உணர்வு என்ற வருமானம் நின்றுபோன பிறகும் நடந்த வாழ்க்கை அது. அதை எந்தப் பெயரிட்டு அழைப்பது என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் புனித தேவசகாயத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவிதாங்கூர் அரசின் அலுவலராக இருந்த அவர், வீட்டில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனமுடைந்திருந்தார். குளச்சல் போருக்குப் பின் அரசப் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டி லனாய் அந்த நேரத்தில் அவருக்குச் சொன்ன முதல் விவிலியக் கதை யோபுவின் கதை. அற்புதக் கதைகள் எத்தனையோ இருக்க, சாம்பலில் உட்கார்ந்து முறையிட்டவனின் கதையைக் கேட்டுத்தான் அவர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். நான்காண்டுக்குள் கைதானார், மூன்றாண்டுச் சித்திரவதைக்குப் பின் 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். விசுவாசத்துக்கு வந்த பிறகு அவருடைய துன்பம் பன்மடங்கு கூடியதே தவிரக் குறையவில்லை. ஆறுதலுக்காக மட்டும் வந்தவராக இருந்தால் முதல் சவுக்கடியிலேயே திரும்பிப் போயிருப்பார்.

கேள்விக்குறி:

என் ஐயம் தீரவில்லை. ஆனாலும் யோபுவின் கதையை டி லனாய் சொன்னார் என்பது எனக்குப் புதிய செய்தி. நன்றி.

எழுப்புதல் வாசகர்:

களக்காட்டுத் தம்பியின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். அந்த இருபது ஆண்டையும் ஜெயமாகவே எண்ணுகிறேன். சுகம் வராததை விசுவாசத் தோல்வி என்று நான் எங்கும் எழுதவில்லை. எங்கள் கூட்டங்களில் சிலர் அப்படிப் பேசுவதுண்டு என்பதையும் மறைக்கவில்லை, அது வருத்தத்துக்குரியது.

நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. புலம்பலோடு விண்ணப்பமும் இருக்க வேண்டும். ஐயா எடுத்துக்காட்டிய 88ஆம் சங்கீதத்தை மறுபடி வாசித்தேன். அதன் முதல் வரியே “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்றுதான் தொடங்குகிறது. இருட்டிலும் அவன் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறான். அதை வாசிக்கும் சகோதரி அந்த முதல் வரியில் சற்று நேரம் நின்று வாசிக்கட்டும்.

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு “அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் ஒரு வார்த்தையாவது ஜெபித்ததாக அங்கே இல்லை. சகோதரியே, நீங்களும் இப்போது சுமக்கப்பட வேண்டியவர்தான். எங்கள் சபையின் உபவாச ஜெபத்தில் உங்கள் பெயரையோ ஊரையோ சொல்லாமல் ஜெபிக்கிறோம். உங்களால் முடியாத நாட்களில் அதை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

பொருநை மகள்:

எல்லாருக்கும் நன்றி. அம்மா தூங்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன்.

88ஆம் சங்கீதத்தை அன்றிரவே வாசித்தேன். வேதத்தில் இப்படியும் எழுதியிருக்கிறது என்று இத்தனை வயது வரை எனக்குத் தெரியாது. ஞாயிறுபள்ளியில் யாரும் இதை மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை. பெரிய மாற்றம் ஏதும் நேர்ந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜெபிக்க உட்காரும்போது இருந்த பயம் குறைந்திருக்கிறது. கோபமாக இருக்கிறேன் என்பதை முதன்முறையாக ஆண்டவரிடமே சொன்னேன்.

அக்கா சொன்னபடி அம்மாவின் கட்டிலருகே பரமண்டல ஜெபத்தைச் சொன்னபோது முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, “அன்றன்றுள்ள எங்கள் அப்பத்தை” என்ற இடத்தில் அம்மாவின் வாய் அசைந்தது. “எங்களுக்கு இன்று தாரும்” என்பது குழறலாக, ஆனால் தெளிவாகப் புரியும்படி வந்தது. அதன் பிறகு எல்லா நாளும் வருவதில்லை. ஒரு நாள் சலித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எப்படியும் இப்போது ஜெபம் எங்கள் இருவருக்குமான வேலையாகிவிட்டது.

சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். எங்கள் சபைப் போதகரான சேகர ஐயரிடமும் சொன்னேன். அவர்கள் வருத்தப்பட்டு, இந்த மாதத்திலேயே வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுப்பதாகச் சொன்னார்கள். பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேர் ஞாயிறு காலை அம்மாவோடு இருக்க முன்வந்திருக்கிறார்கள். கேட்காமல் இருந்தவள் நான்தான் என்று அவர் மனைவி ஐயரம்மா கடிந்துகொண்டார்கள், அன்பாகத்தான்.

இப்போது என் கேள்வி சிறியது. எந்தச் சங்கீதத்தை எப்போது வாசிப்பது என்று தெரிந்தெடுக்கவே களைப்பாக இருக்கிறது. தெரிந்தெடுக்கத் தேவையில்லாத முறை ஏதாவது உண்டா?

கோட்டாற்றுக்காரி:

எங்கள் திருச்சபையின் தினசரி செபநூலான திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவு செபத்துக்கு இதே 88ஆம் சங்கீதத்தைத்தான் (நாங்கள் திருப்பாடல் என்போம்) வைத்திருக்கிறார்கள். வாரந்தோறும் துறவியரும் குருக்களும் அதைச் சொல்லிவிட்டுத்தான் உறங்கப் போகிறார்கள். நீங்கள் சொல்லும்போது தனியாகச் சொல்லவில்லை என்பதற்காக இதைச் சொன்னேன். முழு முறைக்கு ஆசிரியர் ஐயாவே சரியானவர்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முறை உண்டு, மகளே. அதுவும் நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் முப்பது நாளுக்குக் காலை, மாலை என்று பிரித்திருக்கிறது. நம் திருநெல்வேலிச் சபைகள் அந்த மரபில் வளர்ந்தவை. உன் பாட்டியின் பழைய ஜெபப் புத்தகம் பெட்டியில் இருந்தால் எடுத்துப் பார். தேதி என்னவோ அதற்குரியதை வாசிக்க வேண்டும், அவ்வளவே. உன் மனநிலையைக் கேட்டு அது சங்கீதம் தருவதில்லை. அழுகிற நாளில் துதியும், நன்றாக இருக்கிற நாளில் புலம்பலும் வரும். அப்போது வேறு யாருக்காகவோ வாசிக்கிறோம் என்று எடுத்துக்கொள்.

4ஆம் தேதி மாலைக்கு 22, 23 ஆகிய இரண்டும் சேர்ந்து வரும். “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்பதையும் “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்பதையும் ஒரே உட்காரலில் வாசிப்பாய். 17ஆம் தேதி காலைக்கு 86, 87, 88. அன்று மாலை 89 மட்டும்; அதில் 52 வசனம் இருப்பதால், அம்மாவைத் துடைத்துவிடும் நாளாக இருந்தால் பாதியில் நிறுத்திக்கொள். 119ஆம் சங்கீதத்தை 24ஆம் தேதி மாலை தொடங்கி 26ஆம் தேதி மாலை வரை பகிர்ந்திருக்கிறார்கள். மாதத்தில் 31ஆம் நாள் இருந்தால் 30ஆம் நாளுக்குரியதையே மறுபடி வாசிக்கலாம். ஒரு நாள் விட்டுப்போனால் பின்னோக்கிப் போய் ஈடுகட்டாதே. அன்றைய தேதியிலேயே தொடங்கு. முப்பது நாளின் அட்டவணையை இன்று மாலைக்குள் முழுவதுமாகத் தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன்.

எழுப்புதல் வாசகர்:

ஐயா, அது எனக்கும் வேண்டும்.